டெலிவரி டார்கெட் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

"நேத்து 100 முடிச்சீங்களே அண்ணே, இன்னிக்கு 120 முடியாதா?"

சிங்கப்பூரில் வேன் ஓட்டிப் பார்சல் கொடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிலருக்கு அது சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குரல்பதிவாக வரும். சிலருக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். காலையில் ஆப்பைத் திறக்கும்போது பட்டியல் தானாக நீண்டிருக்கும். வேலை நேரம் அதே, சம்பளம் அதே, வண்டியும் அதே. உள்ளே இருக்கும் பெட்டிகள் மட்டும் கூடியிருக்கும்.

வேலை நேரத்தை நீட்டாமல், அதற்குள் திணிக்கும் வேலையை மட்டும் கூட்டுவதை வேலைச்செறிவு என்கிறார்கள். நேரத்தை நீட்டினால் அது கண்ணில் படும், ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) கேட்கலாம், கணக்குக் காட்டலாம். செறிவைக் கூட்டினால் சம்பளச் சீட்டில் ஓர் எழுத்தும் மாறாது. ஓட்டுநர் வீட்டுக்கு வந்து "ரொம்ப டயர்டா இருக்கு" என்று மட்டும்தான் சொல்வார். எதனால் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அதனால் கொஞ்சம் எண்களோடு பார்ப்போம்.

36 விநாடிக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. காலை 8 மணிக்கு வேலை ஆரம்பம், மாலை 5 மணிக்கு முடிவு, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆக 8 மணி நேர வேலை, அதாவது 480 நிமிடம். கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து ஸ்கேன் செய்து ஏற்ற 60 நிமிடம். கிடங்கு துவாஸ் பக்கம் இருக்கிறது, ஏரியா அங் மோ கியோ என்றால் போக 30, திரும்பி வந்து மிச்சத்தை ஒப்படைக்க 30 என்று தாராளமில்லாமலே வைத்துக்கொள்வோம். கொடுப்பதற்கு மிஞ்சுவது 360 நிமிடம்.

100 பார்சல் என்றால் ஒன்றுக்கு 216 விநாடி. 120 என்றால் 180 விநாடி. வித்தியாசம் 36 விநாடி. கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கிறது. மேனேஜருக்கும் அப்படித்தான் தோன்றும். "ஒரு பார்சலுக்கு அரை நிமிஷம் வேகமாகப் போனால் போதுமே!"

சரி, அந்த 36 விநாடி எங்கிருந்து வரும்?

வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் லிஃப்ட் அதன் வேகத்தில்தான் வரும். காலை நேரத்தில் ஒவ்வொரு மாடியிலும் நின்று, தள்ளுவண்டியோடு ஒரு பாட்டி ஏறி, ஒரு சைக்கிள் ஏறி, நீங்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பீர்கள். கொண்டோ என்ற தனியார் அடுக்குமாடியில் பாதுகாவலர் அடையாள அட்டையைப் பார்த்து, வீட்டுக்கு அழைத்துக் கேட்டு, அதன் பிறகே கதவைத் திறப்பார். கடைத்தொகுதியின் லோடிங் பேயில் உங்களுக்கு முன்னால் குளிர்பதன லாரி ஒன்று மீன் இறக்கிக்கொண்டிருக்கும். பலமாடிக் கார்நிறுத்தத்தில் உயரத் தடுப்பு இருக்கும். உங்கள் வண்டி அதில் நுழையாது, சுற்றிக்கொண்டு போய் எங்கோ நிறுத்திவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பத்து மாடி ஏறிப் போய் மணியடித்தால் வீட்டில் ஆள் இல்லை; படம் எடுத்து, குறுஞ்செய்தி அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட ஓட்டுநர் கையில் இல்லை. டெலிவரி வேலையில் நேரம் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். வண்டி ஓடும்போது போகும் நேரம் குறைவு.

அப்படியானால் ஓட்டுநர் கையில் இருப்பது என்ன? சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, படிக்கட்டில் ஓடுவது, மஞ்சள் விளக்கு. அவ்வளவுதான். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பழைய வேகத்திலேயே கூடுதலாக 20 பார்சல் கொடுக்க 72 நிமிடம் தேவை. சாப்பாட்டு நேரத்தை விட்டால் 60 நிமிடம் கிடைத்துவிடும். மிச்சம் 12 நிமிடத்தை ஓடியும் சாலையிலும் பிடித்துவிடலாம். 20 விழுக்காடு கூட்டிய டார்கெட்டை ஒருவர் எட்டுகிறார் என்றால் அவர் திறமை 20 விழுக்காடு கூடிவிட்டது என்று பொருளில்லை. பெரும்பாலும் அவர் சாப்பிடவில்லை.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கழிப்பறை தேட நேரமில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். காப்பிக்கடைக் கழிப்பறைக்குக் கொடுக்கும் 20 காசு யாருக்கும் பெரிதில்லை. வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரம்தான் பெரிது. இந்த ஊர் வெயிலில் இது சிறுநீரகத்தோடு விளையாடும் விளையாட்டு.

ஏறினால் இறங்காத எண்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். அந்த ஓட்டுநர் சாப்பிடாமல் 120 முடித்துவிட்டார். கம்பெனியின் கணினியில் என்ன பதிவாகும்? "இந்த ரூட், 120 டெலிவரி, 8 முதல் 5." அவ்வளவுதான். சாப்பிடவில்லை என்று எங்கும் பதிவாகாது. மாடிப்படியில் ஓடியதும் பதிவாகாது. அடுத்த மாதம் ரூட் போடும் மென்பொருளுக்கு 120 என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த உண்மை. அங்கிருந்துதான் அது ஆரம்பிக்கும். பக்கத்து ரூட் ஓட்டுநரிடமும் "அவரால் முடிகிறதே, உங்களால் ஏன் முடியவில்லை?" என்ற கேள்வி போகும்.

பொருளியலில் இதற்கு ராட்செட் விளைவு என்று பெயர். லாரியில் சரக்கைக் கட்டும் ராட்செட் பெல்ட்டைப் பிடித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை: ஒவ்வோர் இழுப்புக்கும் இறுகும், தானாகத் தளராது. நன்றாகச் செய்ததற்குப் பரிசாக அடுத்த முறை கூடுதல் சுமை வருகிறது. இணையக் கடைகளின் 11.11 தள்ளுபடி வாரத்திலோ தீபாவளிக்கு முந்திய வாரத்திலோ உயிரைக் கொடுத்து எட்டிய எண், ஜனவரியில் சாதாரண எண்ணாகிவிடும் ஆபத்து இதனால்தான்.

இது ஆப் வந்த பிறகு பிறந்த பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதோர்ன் என்ற தொழிற்சாலையில், 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் 14 ஆண்களை ஆய்வாளர்கள் ஓர் அறையில் உட்கார வைத்துக் கவனித்தார்கள். கூடுதலாகச் செய்தால் குழுவுக்குக் கூடுதல் பணம் என்ற ஏற்பாடு இருந்தது. ஆனாலும் அவர்கள் ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். யாராவது வேகமாகப் போனால் கேலி செய்தார்கள், கையில் ஒரு குத்து விட்டார்கள். அதிகம் செய்து காட்டினால் நாளைக்கு ரேட்டைக் குறைப்பார்கள் அல்லது ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம்தான் காரணம். மேலதிகாரிகள் கண்ணுக்கு அது சோம்பேறித்தனம். என் கண்ணுக்கு அது நல்ல கணக்கு.

டெலிவரியில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த 14 பேரும் ஒரே அறையில் இருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேன் ஓட்டுநர் தனியாள். பக்கத்து ரூட்காரர் 120 முடித்தது எப்படி என்று அவருக்குத் தெரியாது. எண் மட்டும்தான் வந்து சேரும், கதை வராது.

முதலாளி இல்லாத அவசரம்

உணவு டெலிவரி செய்பவர்களுக்கு இது வேறு மாதிரி. "வேகமாகப் போ" என்று சொல்ல மேனேஜரே கிடையாது. இந்த நேரத்துக்குள் இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு கூடுதல் பணம் என்று ஆப் காட்டும். மதிய நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கிறது, இன்னும் இரண்டு ஆர்டர் பாக்கி, வெளியே மழை கொட்டுகிறது. இந்த நிலையில் ஒருவர் பொங்கோல் சாலையில் எப்படி மோட்டார் சைக்கிள் ஓட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் அவரை விரட்டவில்லை என்று சட்டப்படி சொல்லிவிடலாம். அந்தக் கடைசி இரண்டு ஆர்டர் விரட்டுகிறது.

இந்த வகை ஊழியர்களுக்காகத்தான் இணையத்தள ஊழியர் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. முழு ஊழியர், சுயதொழில் செய்பவர் என்ற இரண்டுக்கும் இடையே தனிப் பிரிவாக இவர்களை அது வைக்கிறது. ஆர்டரை ஏற்று எடுக்கப் போவதிலிருந்து கொடுத்து முடிக்கும்வரை விபத்து நேர்ந்தால் வேலைக்காய இழப்பீடு உண்டு. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் கூடுதல் மத்திய சேம நிதிப் பங்களிப்பு கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். இவர்களுக்காகப் பேச்சுவார்த்தை நடத்தும் சங்கங்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இது நல்ல மாற்றம்தான். ஆனால் ஊக்கத்தொகை எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பதில்தான் வேகம் ஒளிந்திருக்கிறது. என்னைக் கேட்டால், சங்கங்கள் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

சட்டம் எதைக் கட்டுப்படுத்துகிறது?

இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள். "ஒரு நாளைக்கு இத்தனை பார்சலுக்கு மேல் கொடுக்கச் சொல்லக் கூடாது" என்று சிங்கப்பூர்ச் சட்டம் எதுவும் சொல்வதில்லை. சட்டம் மணியைத்தான் எண்ணுகிறது, பெட்டியை எண்ணுவதில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2022 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. கிடங்கு ஊழியர்களுக்கு டார்கெட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், சாப்பாட்டையும் கழிப்பறையையும் விட்டால்தான் எட்ட முடியும் என்கிற டார்கெட் செல்லாது என்கிறது அது. அங்கேயும் கிடங்குக்குத்தான், ஓட்டுநருக்கு அல்ல.

ஆனால் மணியைப் பிடித்துக்கொண்டே நிறைய செய்யலாம். கம்பெனி ஊழியராக இருக்கும் ஓட்டுநர், மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மிகாதவர் என்றால், வேலை நியமனச் சட்டத்தின் வேலை நேர விதிகள் அவருக்குப் பொருந்தும். வாரத்துக்கு 44 மணி நேரம்தான் வழக்கமான வேலை. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஓ.டி. ஓ.டி.யையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம், மாதத்துக்கு 72 மணி நேர ஓ.டி. என்பவை பொதுவான உச்சவரம்பு. வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள்.

இடைவேளை விதிதான் நமக்கு இங்கே முக்கியம். இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வேலையின் தன்மையால் நிறுத்தவே முடியாது என்றால் 8 மணி நேரம்வரை போகலாம்; அப்போதும் சாப்பிட 45 நிமிடமாவது கொடுத்தாக வேண்டும். ஆக, மேலே பார்த்த கணக்கில் 120-ஐ எட்ட உதவிய அந்த ஒரு மணி நேரம் கம்பெனியுடையதல்ல. அதில் வேலை செய்திருந்தால் அது வேலை நேரம்.

சாலை விதிகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. வேன்களின் பின்னால் 70 என்று வட்டமாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரைவுச்சாலையில் அதுதான் அவற்றின் உச்ச வேகம். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 60. பிஐஇ விரைவுச்சாலையில் 15 கிலோமீட்டரை 70-இல் போனால் 13 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு; 90-இல் பறந்தால் 10 நிமிடம். மிச்சம் பிடித்தது மூன்று நிமிடம்கூட இல்லை, ஒரு பார்சல் கொடுக்கும் நேரம். வேகக் குற்றத்துக்கான அபராதமும் புள்ளிகளும் 2026 ஜனவரி முதல் உயர்ந்துவிட்டன. சிவப்பு விளக்கைத் தாண்டினால் இலகு வாகனத்துக்கு 400 வெள்ளி, 12 குற்றப்புள்ளி. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். அதாவது இரண்டே இரண்டு சிவப்பு விளக்கு. உரிமம் எடுத்து ஓராண்டு ஆகாத புதிய ஓட்டுநருக்கு 13 புள்ளியிலேயே உரிமம் ரத்து. டார்கெட் வைத்தவர் பெயரில் ஒரு புள்ளியும் ஏறாது.

அப்படியானால் என்ன செய்வது?

வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது எளிதில் பிடிபடும், பழியும் உங்கள் மேல் வரும். நான் சொல்வது வேறு: பதிவில் உண்மை தெரியட்டும். ராட்செட் இறுகுவது, சாப்பிடாமல் எட்டிய எண் சாப்பிட்டு எட்டிய எண் போலப் பதிவாவதால்தான். அதனால் இடைவேளையை எடுங்கள், எடுத்தது தெரியும்படி எடுங்கள். ஆப்பில் இடைவேளைப் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் குழுவில் "1.10 முதல் 1.55 வரை சாப்பாடு" என்று ஒரு வரி போடுங்கள். பார்சலைக் கொடுக்கும் முன்பே கொடுத்ததாக ஸ்கேன் செய்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது உங்களைச் சமர்த்தராகக் காட்டும், ரூட்டையும் சுலபமானதாகக் காட்டும்.

காத்திருப்பையும் அப்படியே எழுதுங்கள். "லோடிங் பே, முன்னால் 4 லாரி, 25 நிமிடம்." ஒரு படம். நடந்த நேரத்திலேயே போட்டால்தான் மதிப்பு. மாலையில் சொன்னால் அது சாக்கு.

அப்புறம், வண்டிகளை அனுப்பும் டிஸ்பேட்ச் பிரிவிலிருந்து அழைப்பு வரும்போது பேசும் முறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "முடியாது" என்றால் சண்டை. "பார்க்கிறேன்" என்றால் ஒப்புக்கொண்ட மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பேசுங்கள்:

"தம்பி, இப்ப மணி மூணு. 78 முடிஞ்சிருக்கு, 42 பாக்கி. அஞ்சு மணிக்குள்ள 30தான் ஆகும். எந்த 30-ஐ முதல்ல கொடுக்கணும்னு சொல்லுங்க, இல்ல ஓ.டி. போட்டுக்கிட்டு மிச்சத்தையும் முடிக்கவா?"

இந்தப் பேச்சில் புகார் இல்லை, கெஞ்சல் இல்லை, எண் மட்டும் இருக்கிறது. எதை விடுவது என்ற முடிவு, அதை எடுக்க வேண்டியவர் கைக்குத் திரும்பிப் போகிறது. 12 பெட்டியை நாளைக்குத் தள்ளுவதா, ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுப்பதா என்பது கம்பெனியின் கவலை. அதை உங்கள் சாப்பாட்டு நேரத்தில் கரைக்க வேண்டியதில்லை. பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள். டிஸ்பேட்ச்சில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஓர் எண் இருக்கிறது. உங்கள் வரி அவருக்கும் உதவும்.

ஹாதோர்ன்காரர்களுக்கு இருந்த அறை உங்களுக்கு இல்லை என்றால் அதற்குப் பதிலாக ஏதாவது வேண்டும். காலையில் பெட்டி ஏற்றும்போது பக்கத்து ரூட்காரரிடம் "நேத்து எத்தனை?" என்று மட்டும் கேட்காமல் "நேத்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்றும் கேளுங்கள். இரண்டு வாரம் கேட்டால் போதும், எந்த ரூட் யாரையும் சாப்பிட விடுவதில்லை என்று பெயரோடு தெரிந்துவிடும். ஒருவர் போய்ச் சொன்னால் அவருக்கு வேகம் போதவில்லை என்பார்கள். அதே ரூட்டை ஓட்டிய மூன்று பேர் சேர்ந்து சொன்னால் ரூட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வாடிக்கையாளராக இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: வாசலில் வைத்துவிட்டுப் போகலாம் என்று முன்பே குறிப்புப் போட்டு, புளோக் எண்ணோடு யூனிட் எண்ணையும் சரியாக எழுதுங்கள். அதுவே ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்.

பேசியும் நடக்கவில்லை, ஓ.டி. வரவில்லை, தொலைந்த பார்சலுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால் அது வேறு கட்டம். பொருள் சேதத்துக்குப் பிடிப்பதென்றால் அது உங்கள் தவறால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும், பிடிப்பது ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஓ.டி. நேரத்தைக் காட்டும் சம்பளச் சீட்டு கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து அது முதலாளியின் கடமை. சம்பளம் தொடர்பான முறையீட்டை டிஏடிஎம் எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் கொண்டுபோகலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையமும் வழிகாட்டும். பெர்மிட் போய்விடுமோ என்ற பயம் பொய்யான பயம் அல்ல. அதனால்தான் போவதற்கு முன் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். சம்பளச் சீட்டு, டெலிவரிப் பட்டியலின் படம், அந்த வாட்ஸ்அப் வரிகள் எல்லாம் கம்பெனி போனில் மட்டும் இருந்தால் வேலை போகும் நாளில் போனும் போய்விடும், ஆகவே சொந்தப் போனிலும் ஒரு நகல் வைத்திருங்கள். வேலையில் இருக்கும்போது, சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். வேலையை விட்டுவிட்டால் விட்ட நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம்.